கண்மண் தெரியாமல் ரெய்ஸ் செய்பவர் எதிரே: காத்திருப்பதா, மோதுவதா, எழுந்து போவதா?

ஆறு பேர் ஆடும் ஆன்லைன் போக்கர் கேஷ் மேசையில் (நேரடிப் பணத்துக்கு ஆடும் மேசை) புதிதாக ஒருவர் வந்து உட்கார்கிறார். இரண்டு கைக்கு ஒரு கை ரெய்ஸ் செய்கிறார், அதாவது பந்தயத்தை உயர்த்துகிறார். வேறு யாராவது முந்திக்கொண்டு ரெய்ஸ் செய்தால் அதன்மேல் மறு ரெய்ஸ். ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) எது விழுந்தாலும் பந்தயம், டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) அதைவிடப் பெரிய பந்தயம். பத்தே நிமிடத்தில் மேசை நிலைகுலைந்து விடுகிறது. ஒருவர் ஏஸ் ஜோடி வரும்வரை பதுங்குகிறார். இன்னொருவர் வீம்புக்கு மோதி ஸ்டாக் (மேசையில் தன் முன் வைத்திருக்கும் பணம்) முழுவதையும் தோற்கிறார். மூன்றாமவர் மேசையை மூடிவிட்டுப் போகிறார். இவர்களில் யார் செய்தது சரி என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரே விடை சொல்லும் அறிவுரைகளை நான் நம்புவதில்லை, ஏனென்றால் முரட்டு ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் இல்லை. அவர் எத்தனை முறை ரெய்ஸ் செய்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் படுகிறது. எதிர்ப்பு வந்தால் என்ன செய்கிறார், எந்தச் சுற்றில் ஓய்கிறார் என்பதைக் கவனிப்பவர்கள் சிலரே. வழியைத் தீர்மானிக்க வேண்டியது இந்த இரண்டாவது விஷயம்தான்.

இனி வரும் கணக்குகள் நோ லிமிட் ஹோல்டம் ஆட்டத்துக்கானவை: ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லை. வேறு எதுவும் சொல்லாத இடத்தில் இரு தரப்பும் 100 பெரிய பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் இருவர் கட்டாயமாக முன்கூட்டியே வைக்கும் தொகைகளில் பெரியது) ஸ்டாக்கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் அனுமதிக்கும் இடத்தில், தோற்றாலும் குடும்பச் செலவைத் தொடாத பணத்தோடு ஆடுபவருக்காகவே இதை எழுதுகிறேன்.

## முதலில்: அவர் உண்மையிலேயே முரடரா?

பத்துக் கையில் ஆறு கை ஆடிவிட்டார் என்பதற்காக ஒருவரை முரடர் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. நூற்றுக்கு 25 கை மட்டுமே ஆடும் நிதானமான ஆட்டக்காரருக்கும், எந்தப் பத்துக் கையை எடுத்தாலும் அதில் ஆறோ அதற்கு மேலோ ஆடத்தக்கதாக வந்துவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 2 சதவீதம் உண்டு. சிறியதாகத் தெரிகிறது. ஆனால் மேசையில் உங்களுக்கு எதிரே ஐந்து பேர் இருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் பத்து மேசைக்கு ஒரு மேசையில், யாரோ ஒரு நிதானமான மனிதர் முதல் பத்துக் கையில் பித்துப்பிடித்தவர்போலத் தோன்றுவார். நீங்கள் அவரை நம்பாமல் கால் செய்வீர்கள், அதாவது அவர் வைத்த தொகைக்கு ஈடு வைப்பீர்கள். அவர் கிங் ஜோடியைத் திருப்பிக் காட்டுவார்.

முப்பது கையில் பதினெட்டுக் கை ஆடியிருந்தால் நிலைமை வேறு. அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. எனவே முதல் பத்து, பதினைந்து கைகளில் வழக்கமான ஆட்டத்தையே ஆடுங்கள். அவர் சீட்டுகளைத் திறந்து காட்ட நேர்ந்த ஒவ்வொரு கையையும் தளத்தின் குறிப்புப் பெட்டியில் எழுதிவையுங்கள். குறிப்பில் "பைத்தியம்போல ஆடுகிறார்" என்று எழுதினால் நாளைக்குப் பயன்படாது. "டர்ன் வரை இரண்டு பந்தயம், கையில் எதுவுமில்லை, ரிவரில் நிறுத்திவிட்டார்" என்று எழுதினால் (ரிவர் என்பது ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) அதில் பணம் இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து அளவுகோல்களை வைத்துப் பார்க்கிறேன்.

எதிர்ப்புக்கு அவர் காட்டும் எதிர்வினை முதலாவது. பந்தயம் வைப்பதில் ஆசை கொண்டவர் ஒரு வகை. யாராவது ரெய்ஸ் செய்தால் சட்டென்று ஃபோல்ட் செய்துவிடுவார், அதாவது சீட்டைக் கைவிட்டு விலகுவார். பின்வாங்கவே மாட்டேன் என்பவர் இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இருவரின் புள்ளிவிவரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வகையினருக்கு எதிரே பணம் தரும் ஆட்டம் மற்ற வகையினருக்கு எதிரே பணத்தைப் பறிகொடுக்கும் ஆட்டமாகிவிடும்.

அவரது வேகம் எந்தச் சுற்றில் தணிகிறது என்பது இரண்டாவது. சிலர் ஃப்ளாப்புக்கு முன் மட்டும் ஆர்ப்பாட்டம் செய்வார்கள். சிலர் ஃப்ளாப்பில் ஒரு பந்தயம் வைத்துவிட்டு அடங்குவார்கள். மூன்று சுற்றும் விடாமல் வைப்பவர்கள் அரிது. ஆனால் அவர்கள்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறார்கள்.

மூன்றாவது, இருக்கை. அவர் உங்களுக்கு வலப்பக்கம் இருந்தால் அவர் செய்ததைப் பார்த்த பிறகு நீங்கள் முடிவெடுக்கலாம். இடப்பக்கம் இருந்தால் உங்கள் ஒவ்வொரு ரெய்ஸும் இருட்டில் வைக்கும் அடி.

நான்காவது ஸ்டாக்கின் ஆழம். உங்களுக்குப் பின்னால் முடிவெடுக்க இருப்பவர்கள் யார் என்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஐந்தாவது நீங்கள்தான். நல்ல ஆட்டக்காரருக்குக்கூட ஆறு பேர் மேசையில் 100 கைக்கு 80 முதல் 100 பெரிய பிளைண்ட் வரை திட்ட விலக்கம் (ஏற்ற இறக்கத்தின் அளவு) இருப்பது சாதாரணம். முரடர் ஒருவர் வந்தால் அது மேலும் கூடும். ஒரே மணி நேரத்தில் மூன்று ஸ்டாக் இழந்தாலும் அதே முகத்தோடு அடுத்த கையை ஆட முடியுமா என்று உங்களை நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## வழி 1: நல்ல சீட்டுக்காகக் காத்திருத்தல்

அதிகம் பேர் சொல்லும் அறிவுரை இது. அதிகம் பேர் நினைப்பதைவிடக் குறைந்த பணம் தரும் வழியும் இதுதான்.

10-10 ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரை, அவற்றோடு ஏஸ்-கிங், ஏஸ்-குயின். இவை மட்டுமே ஆடுவேன் என்று ஒருவர் முடிவு செய்தால், மொத்தமுள்ள 1,326 இரண்டு-சீட்டுச் சேர்க்கைகளில் அவரிடம் இருப்பது 62. சராசரியாக 21 கைக்கு ஒன்று. ஒரு மேசையில் மணிக்கு 70 கை ஓடுவதாக வைத்துக்கொண்டால், அரை மணி நேரத்தில் அப்படி ஒன்றோ இரண்டோ வரும். அது வரும்போது முரடரும் அந்தக் கையில் இருக்க வேண்டும், வேறு யாரும் குறுக்கே வரக் கூடாது, ஃப்ளாப்பும் கைகொடுக்க வேண்டும். அதற்குள் மேசையில் உள்ள மற்ற நால்வரில் ஒருவர் அவரது ஸ்டாக்கை வாங்கிவிடுவார். மறைமுகச் செலவு இதுதான்: நீங்கள் இழக்கும் பிளைண்ட் 100 கைக்கு 25; நீங்கள் கைநழுவவிடும் வாய்ப்பு அதைப்போலப் பல மடங்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏஸ் ஜோடி வந்ததும் சிலர் பொறிவைப்பதாக நினைத்து வெறும் கால் செய்கிறார்கள். அதைப் பார்த்து மேசையே உள்ளே வருகிறது. எந்த இரண்டு சீட்டையும் வைத்திருக்கும் ஒருவருக்கு எதிரே ஏஸ் ஜோடி 85 சதவீதம் வெல்லும். எதிரே இரண்டு பேர் என்றால் 73, மூன்று பேர் என்றால் 64, நான்கு பேர் என்றால் 56. இத்தனை நேரம் காத்திருந்து கிடைத்த சீட்டின் பலத்தை ஒரு கால் கரைத்துவிடுகிறது.

இந்த வழி சிறப்பாகப் பொருந்தும் இடங்களும் உண்டு. முரடர் உங்கள் இடப்பக்கம் இருக்கிறார், இருக்கை மாற வழியில்லை, அவர் பின்வாங்கவே மாட்டார் என்றால் குறுகிய தேர்வோடு ஆடுவது நியாயமே. ஒரே நேரத்தில் நான்கு மேசை ஆடுபவருக்கும், பணக் கையிருப்பு மெலிந்தவருக்கும் இதுவே பாதுகாப்பு. அப்போதும் 62 சேர்க்கைகளில் நின்றுவிட வேண்டாம். எட்டு, ஒன்பது ஜோடிகளையும் ஏஸ்-ஜாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 2: தனியே பிரித்தெடுத்தல்

அவர் ரெய்ஸ் செய்ததும் நீங்கள் மறு ரெய்ஸ் செய்து, மற்றவர்களை விரட்டி, அவரோடு தனியாக ஃப்ளாப் பார்ப்பது. அவர் வலப்பக்கம் இருந்து, நீங்கள் பட்டனிலோ (ஃப்ளாப் முதல் கடைசியாக முடிவெடுக்கும் இருக்கை) அதற்கு அருகிலோ இருந்தால் இதற்கு நிகரான வழி குறைவு.

எண்களோடு பார்ப்போம். அவர் 4 பெரிய பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறார். பட்டனில் உங்களிடம் ஏஸ்-10. நீங்கள் 13 ஆக்குகிறீர்கள், பிளைண்ட் வைத்தவர்கள் விலகுகிறார்கள், அவர் கால் செய்கிறார். பாட் (மேசை நடுவில் சேர்ந்த மொத்தப் பணம்) 27.5, இருவரிடமும் மிச்சம் 87. ஸ்டாக் பாட்டைப்போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். இந்த அளவில் ஃப்ளாப்பில் ஏஸோ 10-ஓ மேல் ஜோடியாக அமைந்தால் அவருக்கு எதிரே ஸ்டாக் முழுவதையும் தயங்காமல் வைக்கலாம். இதையே வெறும் கால் செய்திருந்தால் பாட் பத்துக்கும் கீழே, மிச்சம் 96. பிளைண்ட் வைத்தவர்களும் மலிவாக உள்ளே வந்திருக்கக்கூடும். அதே ஜோடியை வைத்துக்கொண்டு மூன்று சுற்றிலும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

எந்தக் கைகளோடு பிரித்தெடுப்பது? இங்கேதான் வழக்கமான பழக்கம் காலை வாருகிறது. நிதானமான மேசையில் ஒரே சின்னத்தில் அடுத்தடுத்து வரும் 7-6 போன்ற சீட்டுகளுக்கு நல்ல மதிப்பு. முரடருக்கு எதிரே அந்த மதிப்பு சரிகிறது, ஏனென்றால் அவை எந்த இரண்டு சீட்டுக்கும் எதிரே ஏறத்தாழ 45 சதவீதமே வெல்லும். சலிப்பூட்டும் பெரிய சீட்டுகளுக்கு இப்போது விலை ஏறுகிறது: சின்னம் சேராத ஏஸ்-10 ஏறத்தாழ 63, கிங்-ஜாக் ஏறத்தாழ 60, எட்டு ஜோடி 69. ஏழு முதல் மேலுள்ள எல்லா ஜோடிகள், ஏஸ்-8 முதல் மேலே, கிங்-10 முதல் மேலே, குயின்-ஜாக் என்று எடுத்தால் 208 சேர்க்கைகள் வரும். ஆறு கைக்கு ஒன்று. 21 கைக்கு ஒன்று என்று காத்திருந்தவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறைமுகச் செலவுகள் இரண்டு. பின்னால் இருக்கும் அனுபவசாலி உங்கள் நோக்கத்தைப் புரிந்துகொள்வார். நீங்கள் ஏஸ்-9 போன்ற கையோடும் மறு ரெய்ஸ் செய்கிறீர்கள் என்று தெரிந்ததும், அவர் மேலும் ஒரு ரெய்ஸ் வைத்து உங்கள் 13 பிளைண்டையும் முரடரின் நான்கையும் அள்ளிக்கொண்டு போவார். அப்படிப்பட்ட ஒருவர் பின்னால் இருந்தால் தேர்வைக் கொஞ்சம் இறுக்க வேண்டும்.

இரண்டாவது செலவு முரடரிடமிருந்தே வருகிறது. மறு ரெய்ஸுக்கு மேல் அவரும் அடிக்கடி ரெய்ஸ் செய்பவர் என்றால், ஏஸ்-8 வைத்து 13 போட்டுவிட்டு, அவர் 32 ஆக்கியதும் ஃபோல்ட் செய்வது பணத்தைக் கொளுத்துவதற்குச் சமம். அத்தகையவருக்கு எதிரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: முழு ஸ்டாக்கும் போடத் தயாராக இருக்கும் கையோடு மட்டும் மறு ரெய்ஸ். நடுத்தரக் கைகளோடு கால் செய்து மூன்றாவது வழிக்குப் போய்விடுங்கள்.

## வழி 3: விட்டுப் பிடித்தல்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. செய்வதற்கு மிகக் கடினமானதும் இதுதான், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் பயத்தோடு கால் செய்ய வேண்டியிருக்கிறது.

அடிப்படை எளிது. ஜோடியில்லாத எந்த இரண்டு சீட்டுக்கும் ஃப்ளாப்பில் ஒரு ஜோடியோ அதைவிட மேலோ கிடைப்பது மூன்றில் ஒரு முறைதான். ஒவ்வொரு ஃப்ளாப்பிலும் பந்தயம் வைப்பவர், மூன்றில் இரண்டு முறை பெரும்பாலும் வெறுங்கையோடு வைக்கிறார். நீங்கள் ரெய்ஸ் செய்தால் அந்த வெறுங்கை ஓடிவிடும். கால் செய்தால் அடுத்த சுற்றிலும் பணம் போடும்.

ஃப்ளாப் கிங்-9-4, மூன்றும் வெவ்வேறு சின்னம். உங்களிடம் ஏஸ்-9. அவரிடம் எந்த இரண்டு சீட்டும் இருக்கலாம் என்றால், மிச்சமுள்ள 47 சீட்டில் 1,081 சேர்க்கைகள் உண்டு. அவற்றில் இப்போது உங்களை முந்தியிருப்பவை 166: கிங் உள்ளவை 135, குயின், ஜாக், 10 ஜோடிகள் 18, ஏஸ் ஜோடி 3, 4-4 ஜோடி 3, 9-9 ஜோடி 1, 9-4 சேர்ந்தவை 6. ஏறத்தாழ 15 சதவீதம். கைகளில் பாதியை மட்டும் ஆடுபவர் என்றால் அவரிடம் கிங் இருக்கும் வாய்ப்பு இதைவிடக் கூடும். ஆனாலும் இரண்டாம் ஜோடி (ஃப்ளாப்பின் இரண்டாவது பெரிய சீட்டோடு சேரும் ஜோடி) இங்கே நல்ல கை. நிதானமானவருக்கு எதிரே டர்னில் தூக்கிப்போட வேண்டிய சீட்டு, இவருக்கு எதிரே சம்பாதிக்கும் சீட்டாகிறது.

இப்போது கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி. பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு பந்தயம் வைத்தால், கால் செய்ய உங்களுக்கு வேண்டியது 28.6 சதவீத வெற்றி வாய்ப்பு. பல பேர் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மூன்று சுற்றும் கால் செய்கிறார்கள். அது பிழை. பாட் 10-இல் தொடங்கி மூன்று சுற்றும் அதே அளவில் வைத்தால், முடிவில் பாட் 127. உங்கள் பங்கு 58.5. ஃப்ளாப்பிலேயே கடைசிவரை விடமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டால், உங்களுக்கு வேண்டியது 46 சதவீதம். ஒவ்வொரு காலும் மலிவாகத் தெரிகிறது. மூன்றும் சேர்ந்தால் பாதிக்கு மேல் ஸ்டாக். விட்டுப் பிடிக்கும் வழியின் மறைமுகச் செலவு இந்த இடைவெளியில் ஒளிந்திருக்கிறது.

எனவேதான் அவர் எங்கே ஓய்கிறார் என்ற குறிப்பு விலைமதிப்பற்றது. டர்ன் வரை வைத்து ரிவரில் நிறுத்துபவர் என்று குறிப்பில் இருந்தால், டர்னில் கால் செய்யுங்கள். ரிவரில் அவர் நிறுத்தினால் உங்கள் இரண்டாம் ஜோடிக்குச் சிறிய பந்தயம் வையுங்கள். அவர் ஏதோ ஒரு சிறிய ஜோடியோடு கால் செய்வார். வழக்கத்துக்கு மாறாக ரிவரிலும் வைத்தால் மனத்தைத் தேற்றிக்கொண்டு விலகுங்கள். மூன்று சுற்றும் வெறுங்கையோடு வைப்பவர் என்று தெரிந்தால் மட்டும் கடைசிவரை போகலாம்.

பெரிய கை கிடைத்தால் எப்போது ரெய்ஸ் செய்வது? கணக்கே விடை சொல்லும். பாட் 10, கையில் 96. அவர் ஒவ்வொரு சுற்றிலும் பாட் முழுவதையும் வைப்பவர் என்றால் 10 பாட் 30 ஆகி, 90 ஆகி, ரிவரில் ஸ்டாக் தானாகவே உள்ளே போய்விடும். நீங்கள் விரல்கூட அசைக்க வேண்டாம். அவர் மூன்றில் இரண்டு பங்கு வைப்பவர் என்றால் ரிவர் முடிந்த பிறகும் 37 மிச்சமிருக்கும். அதை வாங்க ரிவரில் ஒரு ரெய்ஸ் வேண்டும். ஒரே சின்னத்தில் இரண்டு சீட்டுகள், அடுத்தடுத்த எண்கள் என்று ஃப்ளாப் ஆபத்தாக இருந்தால் இந்தப் பொறுமை வேண்டாம். அங்கே அவர் கையிலும் ஏதாவது தொடுப்பு (இன்னும் ஒரு சீட்டு வந்தால் முழுமையாகும் கை) இருக்கும், டர்னிலேயே ரெய்ஸுக்கும் பணம் தருவார்.

நீங்கள் அவருக்குப் பின்னால் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் இந்த வழி முழுப் பலன் தரும். பிளைண்டில் இருந்துகொண்டும் செய்யலாம்; அவர் பந்தயம் வைப்பார் என்ற நம்பிக்கை இருப்பதால் நீங்கள் செக் செய்தாலே (பந்தயம் வைக்காமல் முறையைக் கடத்தினாலே) போதும்.

## வழி 4: எதிர்த்தாக்குதல்

அவர் பிளஃப் செய்கிறார் (வெறுங்கையோடு மிரட்டிப் பந்தயம் வைக்கிறார்) என்று தெரியும், நானும் பிளஃப் செய்கிறேன் என்று இறங்குவது. கேட்க வீரமாக இருக்கிறது. பெரும்பாலோருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாட் 10, அவர் 7 வைக்கிறார், நீங்கள் எதுவும் இல்லாமல் 21 ஆக்குகிறீர்கள். 17-ஐ வெல்ல 21-ஐப் பணயம் வைக்கிறீர்கள். அவர் 55 சதவீதத்துக்கு மேல் ஃபோல்ட் செய்தால்தான் லாபம். எதிர்ப்பைக் கண்டதும் சரிந்துவிடும் வகையினர் இந்த அளவுக்கு ஃபோல்ட் செய்வார்கள். இரண்டாம் வகையினர் ஏஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டே மறுபடியும் ரெய்ஸ் செய்வார்கள்.

ஃப்ளாப்புக்கு முன் நிலைமை இன்னும் மோசம். 4, 13, 32 என்று ஏறிய பிறகு நீங்கள் வெறுங்கையோடு 100-ஐயும் தள்ளினால், அவர் மூன்றில் இரண்டு முறை விலக வேண்டும். அவருக்கோ கால் செய்ய 34 சதவீத வெற்றி வாய்ப்பே போதும். விலகும் பழக்கமில்லாத ஒருவரிடம் இதை எதிர்பார்ப்பது நடவாத காரியம். அதே இடத்தில் 10 ஜோடியோ ஏஸ்-குயினோ இருந்தால் தயங்காமல் தள்ளுங்கள். அதற்குப் பெயர் பிளஃப் இல்லை, வியாபாரம்.

இந்த வழியின் பெரிய செலவு வேறொன்று. வெற்றிபெற்றாலும் கிடைப்பது 17; அவரது மீதி ஸ்டாக் அப்படியே இருக்கிறது. வெறுங்கையோடு தானே வந்து பணம் போட இருந்தவரை நீங்களே விரட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

அப்படியானால் எப்போது? ரெய்ஸுக்கு அவர் விலகியதை இரண்டு மூன்று முறை கண்ணால் பார்த்திருக்க வேண்டும். கையிலும் ஏதாவது பிடிமானம் வேண்டும். ஒரே சின்னத்தில் நான்கு சீட்டு சேர்ந்து ஐந்தாவதுக்காகக் காத்திருக்கும் கைக்கு, ஃப்ளாப்பிலிருந்து ரிவருக்குள் 35 சதவீத வாய்ப்பு உண்டு. அவர் விலகினாலும் லாபம், கால் செய்தாலும் மூன்றில் ஒரு முறைக்கு மேல் கை அமையும். அத்தகைய கைகளோடு மட்டும் எதிர்த்தாக்குதல் செய்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

## வழி 5: இடம் மாறுதல், சிறிய ஸ்டாக், வெளியேறுதல்

இதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கேஷ் ஆட்டத்தின் மிகப் பெரிய சலுகையே எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பதுதான். டோர்னமென்ட்டில் அது கிடையாது.

அவர் உங்கள் இடப்பக்கம் இருக்கிறார், அவருக்கு இடப்பக்கத்தில் ஓர் இடம் காலியாகிறது, தளமும் அனுமதிக்கிறது என்றால் உடனே மாறுங்கள். அவரை இடப்பக்கமே வைத்துக்கொண்டு, அவர் ரெய்ஸ் செய்ததும் மேசை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைசியில் பாயலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. அவர் ஏறத்தாழ எல்லாக் கையையும் ரெய்ஸ் செய்பவராக இருந்தால் அது நடக்கும். அவர் இரண்டில் ஒன்றை விட்டுவிடுபவர் என்றால், பதுங்கிக் கால் செய்த உங்கள் நல்ல சீட்டு சிறிய பாட்டில் மாட்டிக்கொள்ளும். அவர் என் வலப்பக்கம் இருப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இருக்கை மாற முடியாதவர்களுக்கு அதிகம் பேசப்படாத ஒரு வழி, 40 பிளைண்ட் ஸ்டாக்கோடு உட்காருவது. மேலே சொன்ன 58.5 பிளைண்ட் செலவு அங்கே நடக்கவே முடியாது. முடிவுகள் சுருங்கி, ரெய்ஸுக்கு மேல் தள்ளுவதா விலகுவதா என்று எளிமையாகிவிடும். இதன் விலை, அவரிடமிருந்து வெல்லும் தொகையும் 40-இல் நின்றுவிடுவது. ஏற்கெனவே பெரிய ஸ்டாக் இருந்தால் அதைக் குறைத்துக்கொண்டு அதே மேசைக்கு உடனே திரும்ப முடியாது. குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்தால் பழைய தொகையோடுதான் அமர வேண்டும் என்பது பல தளங்களின் விதி.

முற்றிலும் வெளியேற வேண்டிய நிலை ஒன்று உண்டு. இருவரிடமும் 200 பிளைண்ட், அவர் உங்கள் இடப்பக்கம், உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த மேசையில் உங்களுக்கு வேலையில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எப்போது சிறந்தது | மறைமுகச் செலவு | ஏற்ற இறக்கம் |
|---|---|---|---|
| காத்திருத்தல் | அவர் இடப்பக்கம். பல மேசை ஆட்டம். மெலிந்த கையிருப்பு | அவரது பணம் மற்றவர்களுக்குப் போவது | குறைவு |
| தனியே பிரித்தெடுத்தல் | அவர் வலப்பக்கம். பின்னால் இருப்பவர்கள் சாதுவானவர்கள் | பின்னாலிருந்து வரும் மறு ரெய்ஸ் | அதிகம் |
| விட்டுப் பிடித்தல் | அவர் எங்கே ஓய்கிறார் என்ற குறிப்பு இருக்கும்போது | மூன்று கால்களின் மொத்த விலை | அதிகம் |
| எதிர்த்தாக்குதல் | எதிர்ப்புக்கு அவர் விலகுவதைப் பார்த்த பிறகு | வெறுங்கையை விரட்டிவிடுவது | மிக அதிகம் |
| மாறுதல், வெளியேறுதல் | ஆழமான ஸ்டாக், மோசமான இருக்கை, கலங்கிய மனம் | நல்ல மேசையை விட்டுக்கொடுப்பது | இல்லை |

தளம் பிடிக்கும் கட்டணத்தை அட்டவணையில் சேர்க்கவில்லை. பல தளங்களில் அது பாட்டில் ஏறத்தாழ 5 சதவீதம், ஓர் உச்சவரம்போடு. முரடர் இருக்கும் மேசையில் பாட்டுகள் பெரிதாகி உச்சவரம்பைத் தாண்டிவிடுவதால், விகிதப்படி கட்டணம் குறைகிறது. சிறிய பாட்டுகளுக்காக அவரோடு அடிக்கடி உரசுபவர்தான் முழுச் சதவீதத்தையும் கொடுக்கிறார்.

## வழியை நடுவில் மாற்றுவது

ஒரே இரவில் ஒரே மனிதரிடம் இரண்டு மூன்று வழிகள் தேவைப்படும். பொதுவாக நான் சொல்லும் வரிசை: ஆரம்பத்தில் நிதானம், குறிப்புகள் சேர்ந்ததும் வலப்பக்கத்திலிருந்து பிரித்தெடுத்தல், ஃப்ளாப்புக்குப் பிறகு விட்டுப் பிடித்தல். எதிர்த்தாக்குதலை அரிதாகவே எடுக்க வேண்டும்.

இரண்டு ஸ்டாக் தோற்ற பிறகு அவரது ஆட்டம் மாறுகிறதா என்று பாருங்கள். சிலர் இன்னும் வேகமெடுப்பார்கள். அவர்களுக்கு எதிரே கால் செய்யும் எல்லையை அகலமாக்கலாம். சிலர் திடீரென்று அடங்கி, நல்ல சீட்டோடு மட்டும் ரெய்ஸ் செய்யத் தொடங்குவார்கள். அரை மணி நேரத்துக்கு முந்தைய குறிப்பை வைத்து அவர்களைக் கால் செய்தால், அவர் இழந்ததை நீங்களே திருப்பிக் கொடுத்ததாகும். பெரிய பாட் ஒன்றை வென்றதும் அடங்கிவிடுபவர்களும் உண்டு. எனவே கடைசி இருபது கையில் அவர் எத்தனை முறை நுழைந்தார் என்பதைத் தனியாகப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அவர் எழுந்து போன பிறகு மேசையை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். மிச்சமிருப்பவர்கள் அவருக்காகவே காத்திருந்த அனுபவசாலிகள் என்றால், அவர் நாற்காலி காலியான அடுத்த பிளைண்டுக்கு முன்பே நீங்களும் கிளம்பிவிடலாம்.